பெட்டி வைத்திருந்த இடம்

உங்கள் வீட்டுக் கூரைக்குள் எப்போதாவது யாரோ நடப்பதுபோலச் சத்தம் கேட்டிருக்கிறதா? எலி என்றால் குடுகுடுவென்று ஓடிவிடும். பூனை என்றால் வந்ததே தெரியாது. இது வேறு மாதிரி. புதிதாகக் குடிவந்தவர் சாமான்களை எங்கே வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே நடக்கிற மாதிரி நிதானமாக இருக்கும். கூடவே வீட்டுக்குள் சோறு வடிக்கிற வாசனை வரும். எட்டிப் பார்த்தால் அடுப்பில் ஒன்றும் இருக்காது. சில நாளில் கூரைப் பலகையின் மூலையில் மஞ்சளாக ஈரம் படர்ந்து, பார்க்கப் பார்க்க ஏதோ ஒரு தேசத்தின் படம்போல விரியும். அப்போது நீங்கள் யாரைக் கூப்பிடுவீர்கள்?

பொறிக்காரரைத்தான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக் கணக்கில் மட்டும் உயிரோடு இருந்தது. தெருவில் அவர் பொறிக்காரர், தொலைக்காட்சியில் பொறி அண்ணன். கூப்பிட்டால் வருவார். ஆனால் தனியாக வரமாட்டார். அவருடைய பழைய வண்டிக்குப் பின்னால் ஒரு வேன் வரும், அதிலிருந்து கேமராவும் விளக்குகளும், தூக்கக் கலக்கத்தில் நாலைந்து பேரும் இறங்குவார்கள். ‘வலிக்காமல் வெளியே’ என்பது நிகழ்ச்சியின் பெயர். மனிதர் வீட்டுக் கூரையில் புகுந்த மரநாயை ஒரு கீறல் விழாமல் பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விடுவது. வாரம் ஒரு வீடு. தொப்பையும் முழங்கை வரைக்கும் தோல் உறையுமாக ஏணியில் நின்றுகொண்டு பொறிக்காரர் கேமராவைப் பார்த்து, “சத்தம், வாசனை, வெளிச்சம். இந்த மூணு போதும். குச்சியைக் கையில எடுத்தவன் இந்த வேலைக்கு ஆக மாட்டான்” என்பார். ஒவ்வொரு வாரமும் அதையேதான் சொல்வார். ஜனங்களும் ஒவ்வொரு வாரமும் முதல் தடவை கேட்கிற மாதிரி கேட்டார்கள்.

கடைசிக் காட்சி எப்போதும் ஒன்றுதான். அந்தி வெளிச்சம், காட்டு ஓரம், புல்மேல் மரப்பெட்டி. பொறிக்காரர் கதவைத் தூக்குவார். உள்ளிருந்து அது தலையை நீட்டும், நேராக ஓடி மரத்தில் ஏறும். அவர் கையைத் தூக்கி, “போயிட்டு வா” என்பார். ஆரம்பத்தில் டைரக்டர் இதற்குத் தலையில் அடித்துக்கொண்டார். வரக்கூடாது என்றுதானே இவ்வளவு செலவு செய்து கொண்டுவந்து விடுகிறோம், போ என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். “வாயில வர மாட்டேங்குதுப்பா. வெறும போன்னு எப்படிச் சொல்றது?” என்று பொறிக்காரர் நின்றுவிட்டார். நல்லவேளை, நிகழ்ச்சி ஓடியதே அந்த வார்த்தையால்தான். பிள்ளைகள் பள்ளி வண்டிக்குக் கை காட்டி அப்படிச் சொன்னார்கள். சேனல்காரர்கள் அதைத் தேநீர்க் கோப்பையில் அச்சடித்து விற்றார்கள்.

அந்தக் கடைசிக் காட்சியில் ஓடுவது, கூரையில் பிடித்தது அல்ல.

பிடித்ததை வைத்துப் படம் எடுக்க முடியாது. முதல் சில வாரம் எடுத்துப் பார்த்து எல்லோருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. ஒன்று கம்பி வலையைக் கடித்து வாயெல்லாம் ரத்தமாக இருக்கும். ஒன்று சூட்டில் சுருண்டு கிடக்கும். ஒன்று கதவைத் திறந்தால் வெளியே வராமல் விளக்கையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கொசுக்கடியில் கேமராக்காரர் கெட்ட வார்த்தை சொல்லிச் சொல்லிக் களைத்து, கடைசியில் வெளிச்சமே போய்விடும். அப்படி ஒரு நாள்தான் டைரக்டர், “அண்ணே, உங்க வீட்ல ஒண்ணு இருக்குமே” என்றார்.

இருந்தது. மரக்கடை ஒன்றில் பலகை சரிந்து பின்னங்கால் நசுங்கிக் கிடந்த மரநாய்க் குட்டி. கண்கூடத் திறக்கவில்லை. விடலாம், கால் கூடட்டும் என்று கொண்டுவந்தார். கால் கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. ஏறத் தெரியும், தாவத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், பொறிப்பெட்டிகளுக்கு நடுவே, ஒரு பழைய பெட்டியைத் தன் வீடாக வைத்துக்கொண்டு அது வளர்ந்துவிட்டது. “உங்க சின்ன வீட்டுக்குப் பழம் வெச்சாச்சா? இல்ல நான்தான் போய் வைக்கணுமா?” என்று அவர் மனைவி தினமும் சாயங்காலம் கேட்பாள். கேட்டுக்கொண்டே பப்பாளியை நறுக்கிக்கொண்டும் இருப்பாள். அவளுக்கு அது சின்னவ. படப்பிடிப்புக்காரர்களுக்கு மேடம்.

மேடத்துக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. திறந்தவெளி என்றால் அதற்குப் பயம், பெட்டி என்றால் நிம்மதி, அவ்வளவுதான். கதவைத் தூக்கினால் முன்னால் இருக்கிற முதல் மரத்துக்கு நேராக ஓடும். ஓர் ஆள் உயரம் ஏறும். அடிமரத்தை ஒரு சுற்றுச் சுற்றும். இறங்கி வந்து பெட்டிக்குள் நுழைந்து, உள்ளே வைத்திருக்கும் பழத்தைத் தின்னத் தொடங்கும். ஜனங்கள் பார்த்தது போனதை மட்டும். வந்ததைப் பார்த்தவர்கள் ‘கட்’ சொன்ன பிறகு அங்கே நின்ற ஆறேழு பேர்தான். அவர்கள் ஒவ்வொரு தடவையும் கை தட்டினார்கள். “ஒரே டேக்ல முடிக்கிற ஆர்ட்டிஸ்ட் இந்தச் சேனல்லயே இவங்க ஒருத்தங்கதான்” என்பார் டைரக்டர். நொண்டுவது தெரியாமல் கேமரா எப்போதும் இடதுபக்கம் இருக்கும். இடது காதின் நுனியில் சுண்ணாம்பு தொட்ட மாதிரி ஒரு வெள்ளை. அதன்மேல் மேக்கப் போடும் பெண் கண்மை தடவிவிடுவாள். தடவும்போது மேடம் கண்ணை மூடிக்கொள்ளும். “பாருங்கண்ணே, பழக்கப்பட்ட மூஞ்சி” என்று அந்தப் பெண் சிரிப்பாள்.

நிஜமாகப் பிடித்ததைப் பொறிக்காரர் மறுநாள் கேமரா இல்லாமல் தானே கொண்டுபோய் விடுவார். ஆகவே இதில் யாருக்கும் துரோகம் இல்லை என்று இருந்தார். எங்கே விடுவார் என்பது மட்டும் அவருக்கும் மனைவிக்கும் தெரிந்த சங்கதி. தொடக்கத்தில் நல்ல பிள்ளையாகக் காட்டுக்குத்தான் கொண்டுபோனார். ஒரு தடவை விட்ட இடத்திலேயே கையுறையை மறந்துவிட்டு, மறுநாள் எடுக்கப் போனபோது, விட்ட மரநாய் மரத்தடியில் கிடந்தது. தொண்டை கிழிந்திருந்தது. கிழித்தது புலியோ நாயோ இல்லை, அதன் சொந்த இனம்தான். பல் பதிந்த அளவைப் பார்த்தாலே தெரிந்தது. காட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. வந்தவனுக்கு எந்தப் பொந்து, எந்தத் தண்ணீர் என்று தெரியாது. அன்றைக்கு இலையை அள்ளி மூடிவிட்டு வந்தவர், பிறகு பிடித்ததையெல்லாம் பிடித்த வீட்டுக்கு அடுத்த தெருத் தோப்பிலேயே விட ஆரம்பித்தார். அவை கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டுக் கூரைக்கு வந்து சேர்ந்தன. பக்கத்து வீட்டுக்காரர் பொறிக்காரரைக் கூப்பிட்டார். ‘போயிட்டு வா’ என்று அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

இப்படியே போயிருக்கும். மேக்கப் பெண் உடம்பு சரியில்லை என்று ஒரு வாரம் வரவில்லை. கண்மை தடவ யாருக்கும் ஞாபகம் இல்லை. அடுத்த முறை தடவியும் ஓடுகிற ஓட்டத்தில் பாதி அழிந்துவிட்டது. வேலையற்ற யாரோ ஒருவர் இரண்டு வாரப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காதுக்கு வட்டம் போட்டு, “பொறி அண்ணனின் ஒரே நடிகை” என்று இணையத்தில் எழுதிவிட்டார். பொழுது விடிவதற்குள் ஊர் முழுக்க அந்தக் காதைப் பார்த்துவிட்டது.

டைரக்டர் காலையிலேயே வீட்டுக்கு வந்தார். போன் செய்திருக்கலாம், செய்யவில்லை. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். கெட்ட ஆள் இல்லை. ராத்திரி தூங்காத கண். அவருக்கும் மேலே இருப்பவர்கள் அவரைப் பிழிந்து காயப்போட்டிருந்தார்கள். வன இலாகாவுக்குப் புகார் போயிருக்கிறது, நாளை மறுநாள் காலையில் இந்த வீட்டைப் பார்க்க அதிகாரி வருகிறார் என்றார். காட்டு மிருகத்தை வீட்டில் வைத்திருந்தது தெரிந்தால் பொறிக்காரரின் அனுமதிச் சீட்டு போய்விடும். கேஸும் உண்டு. மிருகத்தையும் கொண்டுபோவார்கள், இலாகாவின் கூண்டுகளைப் பொறிக்காரர் பார்த்திருக்கிறார், அதைப் பற்றி அவர் வீட்டில் பேசியதில்லை.

அதற்கு முந்தின நாளே, அதாவது நாளைக்கே, ஒரு நேரலை என்று டைரக்டர் விவரித்தார். கட் கிடையாது, வெட்டு ஒட்டு கிடையாது. காட்டு ஓரத்துச் சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில், அதே அதிகாரி நிற்க, பெட்டியைத் திறக்கிறோம். அது காட்டுக்குள் போகிறது. நாம் நிற்கிறோம், நின்றுகொண்டே இருக்கிறோம். அது திரும்பி வரவில்லை என்பதை ஊரே உட்கார்ந்து பார்க்கிறது.

“புதுசா ஒண்ணு பிடிச்சுக் குடுங்கண்ணே. முடியலேன்னா மேடம்தான்.”

“மேடம் திரும்பி வந்துரும்பா.”

“வரக்கூடாதுண்ணே.”

சுவரில் பல்லி கத்தியது. யாரும் அதற்குச் சகுனம் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

“அவ நொண்டி, தம்பி. எங்க வீட்டுக் கொட்டகையைத் தாண்டி ஒரு இடம் தெரியாது. பழத்தை நறுக்கி வெச்சாத்தான் திங்கத் தெரியும். அவளைக் கொண்டுபோயி காட்டுல விட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“அதெல்லாம் கேமரா ஆஃப் ஆனதுக்கு அப்புறம் நடக்கிறது, அண்ணி.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, எதுவும் சரியாகவில்லை என்றால் அதிகாரி வருவதற்குள் மேடம் இல்லாமல் போவதுதான் எல்லோருக்கும் நல்லது என்று, செருப்பைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். இல்லாமல் போவது என்றால் என்ன என்று பொறிக்காரர் கேட்கவில்லை.

அன்றைக்கே நாலு வீட்டில் பொறி வைத்தார். நன்றாகக் கனிந்த பழமாகப் பார்த்து வைத்தார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது மூன்றில் எறும்பு, ஒன்றில் வீட்டுக்காரரின் பூனை. தேவையில்லாத நாளில் அவருடைய கழுத்தைப் பிடிக்க வருகிற மாதிரி வந்து விழும் ஜாதி, தேவைப்பட்ட நாளில் ஒன்றுகூட எட்டிப்பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி, தங்கச்சி வீட்டு மாடியில் இரண்டு நாள் ஒளித்து வைக்கலாம் என்றாள். வைக்கலாம், சாயங்காலம் கேமரா முன்னால் எதைத் திறந்து விடுவது? அவள் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள்.

மத்தியானம் பொறிக்காரர் கொட்டகைக்குள் போய்த் தகரக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மேடம் பெட்டிக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. பகலில் அது எழுந்திருக்காது. காலடி கேட்டதும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, அவர்தான் என்று தெரிந்ததும் மூடிக்கொண்டது. அவர் விழுகதவை இறக்கினார். வினிகரில் நனைத்த துணியைக் கம்பி இடுக்கில் செருகினார். கூரை மூலையில் பதுங்கியதைக் கிளப்ப அவர் வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் கூரையில் அதற்கு ஓட வழி இருக்கும். பெரிய டார்ச்சைப் பெட்டியின் வாயில் வைத்து எரியவிட்டார். பிறகு ஒரு தகரத் தட்டைப் பெட்டிமேல் கவிழ்த்து இரும்புக் கரண்டியால் அடிக்க ஆரம்பித்தார்.

சத்தம், வாசனை, வெளிச்சம்.

உள்ளே அது எழுந்து முட்டியது. ஒரு பக்கம் முட்டி, மறுபக்கம் முட்டி, துணியிலிருந்து முகத்தைத் திருப்பி, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி, கடைசியில் அவர் நிற்கிற பக்கம் வந்து கம்பிக்குள் மூக்கை நுழைத்தது. காப்பாற்ற அவரைத்தான் தேடி வந்தது. அவர் அடிப்பதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தூக்கினார். அது சிட்டாகப் பறந்து கொட்டகை மூலைக்கு ஓடியது. அவர் தட்டைக் கீழே வைத்தார். துணியை எடுத்தார், விளக்கை அணைத்தார், பெட்டிக்குள் பப்பாளித் துண்டுகளை வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அது வந்தது. மூலையிலிருந்து மோந்து மோந்து, நொண்டி நொண்டி வந்து பெட்டிக்குள் நுழைந்தது. வாயில் பழத்தை வைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் கதவை மறுபடி இறக்கினார்.

எத்தனை தடவை என்று அவர் எண்ணவில்லை. முதலில் சில தடவை அது உடனே திரும்பி வந்தது, இது ஏதோ புது விளையாட்டு என்று நினைத்த மாதிரி. பிறகு நேரம் எடுத்து வந்தது. பிறகு பாதி வழியில் நின்று அவர் முகத்தைப் பார்த்தது. ஒரு தடவை உள்ளேயே மூத்திரம் போய்விட்டது. அத்தனை வருஷத்தில் அது தன் பெட்டியை அசிங்கப்படுத்தியதே கிடையாது. சோறு வடிக்கிற வாசனை கொட்டகை முழுக்க அடித்தது, மரநாய் பயந்தால் அந்த வாசனை தூக்கலாக வரும். கரண்டி பிடித்த கை அவருக்குச் சோர்ந்தது. சோர்வில் தாளம் தப்பினால் சத்தம் இன்னும் மோசமாக இருக்கிறது என்பதையும் கவனித்தார். தொழில்காரன் காது அதை மட்டும் விடவில்லை. கடைசியில், பழம் வைத்து, விளக்கை அணைத்து, நாக்கைத் தட்டி வழக்கமான ச்சு, ச்சு என்று கூப்பிட்டும், அது பழைய துவைக்கும் இயந்திரத்துக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டு வரவே இல்லை. குனிந்து பார்த்தார். இரண்டு கண் மட்டும் தெரிந்தது. பெட்டியை அதன் பக்கம் ஒரு சாண் தள்ளினார். அது சீறியது.

வேலை முடிந்துவிட்டது.

ஆனால் கொண்டுபோக அதைப் படப்பிடிப்புப் பெட்டிக்குள் போட வேண்டுமே. மேடத்தைத் தூக்க அவர் ஒருநாளும் கையுறை போட்டதில்லை. அன்றைக்குப் போட்டார். ஒரு கை உறையைத்தான் காணோம், அவசரத்தில் தேடவும் இல்லை. சாக்கைப் போர்த்தி இழுக்கும்போது வெறுங்கையின் கட்டைவிரல் அடியில் நன்றாகக் கடித்தது. அவர் கையை உதறவில்லை. தானாக விடும்வரைக்கும் வைத்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது மனைவி அங்கேயே, கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. ரத்தம் சொட்டுகிற கையைப் பார்த்தாள். உள்ளே சாக்கு மூடிய பெட்டியைப் பார்த்தாள்.

“ஒரு அடிகூட அடிக்கலைல்ல?”

“இல்ல.”

“ரொம்ப நல்லது. வலிக்காம பண்ணிட்டீங்க.”

கட்டுப்போடத் துணி அவள் கொண்டுவரவில்லை. அவரே தேடி எடுத்துச் சுற்றிக்கொண்டார்.

சாயங்காலம் சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் எல்லாம் தயாராக இருந்தது. அதிகாரி சீருடையில் விறைப்பாக நின்றாலும், கேமரா திரும்பும்போதெல்லாம் தொப்பியைச் சரி செய்துகொண்டார். தன் வீட்டுக்காரி இந்த நிகழ்ச்சியை ஒரு வாரம்கூட விடமாட்டாள் என்று பொறிக்காரரிடம் மெதுவாகச் சொன்னார். சாவடிக் காவலர் ஒரு படம் எடுத்துக்கொண்டு, போன் நம்பரும் வாங்கி வைத்துக்கொண்டார். தன் வீட்டுக் கூரையிலும் ஏதோ நடக்கிறதாம். மேக்கப் பெண் கண்மைச் சிமிழோடு பெட்டிக்குப் பக்கத்தில் போனாள். உள்ளேயிருந்து வந்த சீறலைக் கேட்டதும் இரண்டடி பின்னால் வந்துவிட்டாள்.

“என்னண்ணே ஆச்சு மேடத்துக்கு?”

பொறிக்காரர் சிமிழை வாங்கிக்கொண்டார். சாக்குக்கு மேலாகத் தலையை அழுத்திப் பிடித்து, காதின் வெள்ளை நுனியில் தானே மையைத் தடவினார். இந்தத் தடவை அது கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மேக்கப் பெண் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

நேரலை தொடங்கியது. டைரக்டர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். பொறிக்காரர் கதவைத் தூக்கினார்.

அது தலையை நீட்டவில்லை; பாய்ந்தது. முதல் மரத்துக்குக்கூடப் போகவில்லை. பெட்டியிலிருந்து எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரம், கோணல் காலை இழுத்துக்கொண்டு, புதருக்குள் விழுந்து, எழுந்து, உள்ளே போய் மறைந்தது. புல் கொஞ்ச நேரம் ஆடியது. பிறகு ஆடவில்லை. டைரக்டர் கேமராவுக்குப் பின்னாலிருந்து வாயை அசைத்து அந்த வார்த்தையைச் சொல்லச் சொன்னார். இரண்டு தடவை அசைத்தார். பொறிக்காரர் கையைத் தூக்கப் பார்த்தார். கட்டுத்துணி தெரியும் என்று இறக்கிக்கொண்டார்.

“போ” என்றார்.

யாருக்கும் கேட்டிருக்காது. எல்லோரும் நின்றார்கள். சொன்னபடியே நின்றுகொண்டே இருந்தார்கள். இருட்டு கட்டியது, பூச்சிகள் விளக்கில் மோதின, அது திரும்பி வரவில்லை. பொறி அண்ணனுக்குத் தொண்டை அடைத்துவிட்டது, வார்த்தையே வரவில்லை என்று பார்த்தவர்கள் உருகி உருகி எழுதினார்களாம். டைரக்டர் போனைக் காட்டிக்கொண்டே வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். அதிகாரி கை குலுக்கினார், நல்லவேளை இடது கையை நீட்டியதை அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நாளைக்குக் காலையில் வீட்டுக்கு வருவது வெறும் சம்பிரதாயம்தான், பயப்பட வேண்டாம் என்றார். ஆட்கள் விளக்குகளைக் கழற்றினார்கள். பெட்டியைப் பொறிக்காரரே தூக்கி வண்டியில் வைத்தார். புதரைப் பார்த்து நாக்கைத் தட்டவேண்டும்போல இருந்தது. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். தட்டவில்லை.

வீட்டில் மனைவி கொட்டகையைக் கழுவி முடித்திருந்தாள். அதன் பழைய பெட்டியை உடைத்து, பலகை பலகையாக அடுப்படியில் அடுக்கி வைத்திருந்தாள். நறுக்காத பப்பாளி ஒன்று மேஜைமேல் இருந்தது.

மறுநாள் காலை அதிகாரி ஓர் உதவியாளரோடு வந்தார். கூடத்தைப் பார்த்தார், மொட்டைமாடியைப் பார்த்தார், கொட்டகைக்குள் எட்டிப்பார்த்தார். காலிப் பொறிகள், கழுவின தரை. திரும்பும்போது நின்று மூக்கை உறிஞ்சினார்.

“என்னம்மா, சோறு வடிக்கிறீங்களா?”

“ஆமா சார்” என்றாள் மனைவி. அடுப்பு பற்ற வைக்கவே இல்லை.

கூடத்தில் உட்கார்ந்து உதவியாளர் தாளில் எழுத ஆரம்பித்தபோது பொறிக்காரரின் போன் அடித்தது. சாவடிக் காவலர். நேற்று விட்டது வந்திருக்கிறது என்றார். பெட்டி வைத்திருந்த இடத்தில் புல் சதுரமாக மடிந்து கிடக்கிறதே, சரியாக அதற்குள் உட்கார்ந்திருக்கிறதாம். நல்ல வெயிலில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

“வெரட்டிப் பார்த்தேன் சார். கம்பை ஆட்டினா நேரா ஓடுது, அந்த முதல் மரத்துல ஏறுது, ஒரு சுத்து சுத்துது, எறங்கி வந்து திரும்பியும் அங்கயே உக்காந்துக்குது. எத்தனை தடவை வெரட்டினாலும் இதையேதான் பண்ணுது. ரோட்டுப் பக்கம் நாய் ரெண்டு வந்து நிக்குது. என்ன பண்ணட்டும்?”

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். மனைவியும் பார்த்தாள்.

“நான் அப்புறம் கூப்பிடறேன்” என்று சொல்லிப் பொறிக்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உதவியாளர், வீட்டில் மிருகம் எதுவும் இல்லை என்று எழுதிய தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். கட்டுப்போட்ட கையால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. பொறிக்காரர் இடது கையால் கையெழுத்துப் போட்டார். அதிகாரி குடிக்கத் தண்ணீர் கேட்டார். மனைவி உள்ளே போய்க் கொண்டுவந்து கொடுத்தாள்.